பல கன்டெய்னர்களுக்குப் பொதுவான சூழல் மாறிகள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி ஆர்டர் ஓடும்போது, பையர் ஒப்புதல் கொடுத்த லேப் டிப் (சாய நிறத்துக்கான மாதிரித் துணி) துண்டு சாய ஆலையில் ஒன்று, செக்கிங் மேசையில் ஒன்று, மெர்ச்சன்டைசர் கையில் ஒன்று என்று பிரிந்து கிடக்கும். பையர் நடுவில் ஷேடை மாற்றி, புதிய துண்டு சாய ஆலைக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால், சரியாகச் சாயம் ஏறி வந்த துணியையே செக்கிங்கில் ரிஜெக்ட் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆளுக்கொரு துண்டு வைத்திருந்ததால் வரும் வினை இது.

ஒரே கணினியில் நான்கைந்து கன்டெய்னர்களை, அதாவது ஒவ்வொன்றும் ஒரு நிரலைத் தனித்து ஓட்டும் பெட்டிகளை, ஓடவிடும்போதும் இதுவேதான் நடக்கிறது. டேட்டாபேஸின் முகவரி, நேர மண்டலம், ஒரு சர்வீஸ் இன்னொன்றை அழைக்கப் பயன்படுத்தும் சாவி ஆகியவை சூழல் மாறிகளாக, அதாவது நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் பெயர்-மதிப்பு இணைகளாக, கன்டெய்னருக்குள் போகின்றன. புதிதாக வருபவர் சர்வீஸுக்கு ஒரு கோப்பு என்று ஆரம்பித்து, ஒரே மதிப்பை நான்கு இடங்களில் நகலெடுத்து ஒட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து மூன்று இடங்களில் மட்டும் மாற்றுவார். பல கன்டெய்னர்களை ஒரே அமைப்புக் கோப்பைக் (கம்போஸ் கோப்பு) கொண்டு இயக்கும் டாக்கர் கம்போஸைப் பயன்படுத்தத் தொடங்கியிருப்பவர் இந்தச் சிக்கலில் மாட்டாமல் இருப்பதற்கான படிகளைக் கீழே தருகிறேன். கட்டளைகளையும் மாறிகளின் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நான் சில காலம் பார்த்துக்கொண்ட ஒரு பனியன் கம்பெனியின் அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். ஆபீஸ் அறையில் யூபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு டெஸ்க்டாப்பில் நான்கு சர்வீஸ்கள் ஓடின: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பவர்டேபிள்களில் (மின் தையல் எந்திர மேசைகளில்) முடியும் பீஸ்களைப் பதியும் உற்பத்திச் சர்வீஸ், வாரக் கூலியைக் கணக்கிடும் கூலிச் சர்வீஸ், இவற்றைத் திரையில் காட்டும் முகப்பு. உற்பத்திச் சர்வீஸின் கோப்பில் நேர மண்டலம் ஏசியா/கொல்கத்தா என்று இருந்தது. கூலிச் சர்வீஸின் கோப்பில் அந்த வரியே இல்லை. நேர மண்டலம் சொல்லப்படாத கன்டெய்னர் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில்தான் ஓடும், யூடிசியில் நாள் மாறுவது நமக்குக் காலை 5.30 மணிக்கு. வெள்ளிக்கிழமை இரண்டு ஷிப்ட் ஓட்டி, நள்ளிரவுக்கு மேல் முடித்த பீஸ்களை ஒரு சர்வீஸ் சனிக்கிழமையிலும் மற்றொன்று வெள்ளிக்கிழமையிலும் சேர்த்துக்கொண்டது. வாரக் கணக்கு வெள்ளியோடு முடிந்து சனிக்கிழமை கூலி போடும் இடத்தில் இது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஏனுங்க, ரெண்டு தாளும் ரெண்டு கணக்குச் சொன்னா நான் எதைப் பாத்துக் காசு போடறதுங்க?" என்று பவர்டேபிள் கான்ட்ராக்டர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. (கூலி நாளைக் கணக்கிடும் வேலையைக் கன்டெய்னரின் நேர மண்டலத்தை நம்பி விட்டதே தவறு என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் ஓடிக்கொண்டிருந்த நிரல் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.)

முதல் படி: கோப்பைத் திறக்கும் முன் பட்டியல் எழுதுங்கள்

எல்லாச் சர்வீஸ்களும் எதிர்பார்க்கும் மாறிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைப் படிக்கும் சர்வீஸ்களைக் குறியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சர்வீஸ்கள் படிப்பவை பொது மாறிகள்: நேர மண்டலம், டேட்டாபேஸ் முகவரி, லாக் அளவு (நடப்பதை நிரல் எவ்வளவு விரிவாகப் பதிய வேண்டும் என்பது) போன்றவை. ஒரே சர்வீஸ் மட்டும் படிப்பவை தனி மாறிகள்: கூலிச் சர்வீஸின் எஸ்எம்எஸ் அனுப்புநர் பெயர் போன்றவை. கடவுச்சொற்களையும் சாவிகளையும், அவை பொதுவானாலும் தனியானாலும், மூன்றாவது கட்டத்தில் தள்ளி வையுங்கள்.

இதை எழுதும்போதே ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது தெரியவரும். ஒரு சர்வீஸ் டிபி_ஹோஸ்ட் என்றும், இன்னொன்று டேட்டாபேஸ்_ஹோஸ்ட் என்றும் கேட்கும். முடிந்தால் நிரலிலேயே ஒரே பெயருக்கு மாற்றிவிடுங்கள். வெளியிலிருந்து வாங்கிய இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) என்றால் அதன் பெயரை மாற்ற முடியாது. அதற்கு வழி நான்காம் படியில் வருகிறது.

டேட்டாபேஸ் முகவரி என்ற கட்டத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருந்தால் அதை இப்போதே அடித்துவிடுங்கள். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். கம்போஸ் அமைக்கும் வலையமைப்பில் ஒரு சர்வீஸ் மற்றொன்றை அதன் சர்வீஸ் பெயரைக் கொண்டே அழைக்கலாம். கம்போஸ் கோப்பில் டேட்டாபேஸ் சர்வீஸுக்கு நீங்கள் எந்தப் பெயர் வைத்தீர்களோ அதுவே அதன் முகவரி. போர்ட் எண்ணும் உள்ளே இருக்கும் 5432 தானே தவிர, வெளியிலிருந்து பார்ப்பதற்காக நீங்கள் திறந்துவிட்ட 5433 அல்ல.

இரண்டாம் படி: இரண்டு விதக் கோப்புகளையும் பிரித்தறியுங்கள்

புதியவர்களின் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது. ஆகவே இங்கே சற்று நிதானமாகப் படியுங்கள். கம்போஸ் கோப்பு இருக்கும் அதே அடைவில் .என்வ் என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்தால், கம்போஸ் அதைத் தானாகவே படிக்கும். ஆனால் எதற்காகப் படிக்கிறது என்றால், கம்போஸ் கோப்புக்குள் டாலர் குறியும் நெளி அடைப்பும் போட்டு நீங்கள் விட்டுவைத்திருக்கும் வெற்றிடங்களை நிரப்புவதற்காக. அந்தக் கோப்பில் இருப்பதனால் மட்டும் ஒரு மாறி எந்தக் கன்டெய்னருக்குள்ளும் போய்விடாது. "நான் .என்வ் கோப்பில் போட்டிருக்கிறேனே, நிரலுக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்பவர்கள் எல்லாரும் இதைத் தவறவிட்டவர்கள்தாம்.

கன்டெய்னருக்குள் மாறியைக் கொண்டுசேர்ப்பவை வேறு இரண்டு. கம்போஸ் கோப்பில் ஒவ்வொரு சர்வீஸின் கீழும் எழுதும் என்வ்_ஃபைல் என்ற பகுதி, நீங்கள் குறிப்பிடும் கோப்பில் உள்ள எல்லா வரிகளையும் அந்தச் சர்வீஸுக்குள் அனுப்பும். என்வைரன்மென்ட் என்ற பகுதி, அங்கேயே எழுதிய மாறிகளை மட்டும் அனுப்பும். முதல் வகைக் கோப்பு கம்போஸுக்கு நாம் எழுதும் குறிப்பு. இரண்டாம் வகை, நிரலின் கைக்கே போகும் குறிப்பு. இரண்டுக்கும் .என்வ் என்ற ஒரே பெயரை வைப்பதால்தான் குழப்பம். எனவே கன்டெய்னருக்குப் போகும் கோப்புகளை என்வ் என்ற தனி அடைவில் வைத்து, பொது.என்வ், கூலி.என்வ், உற்பத்தி.என்வ் என்று வேலையைச் சொல்லும் பெயர்களை இடுங்கள். மேல் அடைவில் உள்ள .என்வ் கோப்பில் இமேஜ் பதிப்பு எண், வெளிப்போர்ட் எண் போன்று கம்போஸ் கோப்பின் வெற்றிடங்களை நிரப்பத் தேவையானவை இருக்கட்டும்.

மூன்றாம் படி: பொதுக் கோப்பை முதலில், தனிக் கோப்பைப் பிறகு இணையுங்கள்

என்வ்_ஃபைல் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகளைப் பட்டியலாகக் கொடுக்கலாம். ஒரே மாறி இரண்டு கோப்புகளிலும் இருந்தால் பட்டியலில் பின்னால் வரும் கோப்பின் மதிப்பு நிற்கும். ஆகவே எல்லாச் சர்வீஸ்களிலும் முதல் வரி பொது.என்வ், இரண்டாம் வரி அந்தச் சர்வீஸின் தனிக்கோப்பு என்று ஒரே ஒழுங்கில் எழுதுங்கள். லாக் அளவு எல்லாருக்கும் சுருக்கமாக இருக்க, கூலிச் சர்வீஸுக்கு மட்டும் விரிவாக வேண்டுமென்றால், கூலி.என்வ் கோப்பில் அந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும். என்வைரன்மென்ட் பகுதியில் அதே மாறியை எழுதியிருந்தால் அது கோப்புகள் இரண்டையும் வென்றுவிடும். இமேஜைக் கட்டும்போது டாக்கர்ஃபைலில் எழுதிய மதிப்பு எல்லாவற்றுக்கும் கடைசி. வேறு எவரும் சொல்லாவிட்டால்தான் அதன் பேச்சு எடுபடும்.

நேர மண்டலத்துக்கான டிஇசட் மாறியைப் பொதுக் கோப்பில் போட்ட பின்னும் ஒரு சர்வீஸ் யூடிசியிலேயே நின்றால், அதன் இமேஜ் ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் அடிப்படையில் கட்டப்பட்டதா என்று பாருங்கள். அதில் டிஇசட்டேட்டா பொதி நிறுவப்பட்டிருக்காவிட்டால் மண்டலத்தின் பெயரைச் சொன்னாலும் அதற்குப் புரியாது.

கம்போஸ் கோப்பை எழுதும் யாமல் வடிவத்தின் நங்கூரங்களை (ஒருமுறை எழுதியதைப் பிற இடங்களில் சுட்டும் குறிகளை) கொண்டும் இதே பகிர்வைச் செய்யலாம். கம்போஸ் கோப்பின் மேல்பகுதியில் எக்ஸ்- என்று தொடங்கும் ஒரு தொகுதியில் பொது மாறிகளை எழுதி, ஒவ்வொரு சர்வீஸிலும் அதை இழுத்துக்கொள்வது இதன் முறை. பெயர், மதிப்பு என்ற இணை வடிவில் எழுதினால்தான் இது ஒட்டும். கோடு போட்டு எழுதும் பட்டியல் வடிவில் ஒட்டாது. அத்துடன் ட்ரூ, ஃபால்ஸ், யெஸ், நோ போன்ற மதிப்புகளை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் யாமல் அவற்றை எழுத்தாகக் கொள்ளாமல் வேறு வகையாகப் படித்துவிடும். ஐந்தாறு மாறிகள் இருக்கும் சிறு அமைப்புக்கு இம்முறை அழகாக இருக்கும். நான் கோப்பு முறையையே விரும்புகிறேன், ஏனென்றால் கம்போஸ் கோப்பைத் தொட அஞ்சும் ஒருவர்கூடப் பொது.என்வ் கோப்பில் ஒரு வரியை அச்சமின்றித் திருத்துவார்.

நான்காம் படி: கட்டாயமான மாறிகளைக் கட்டாயமாக்குங்கள்

நிரப்பப்படாத வெற்றிடத்தைக் கண்டால் கம்போஸ் ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு, வெறுமையை மதிப்பாக வைத்துக்கொண்டு மேலே போய்விடும். அந்த எச்சரிக்கை மற்ற வரிகளோடு மேலே ஓடி மறையும். இதைத் தடுக்க, வெற்றிடத்தில் மாறியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இட்டு ஒரு செய்தியை எழுதுங்கள். மதிப்பு இல்லையென்றாலும் வெறுமையாக இருந்தாலும் கம்போஸ் அந்தச் செய்தியைக் காட்டி நின்றுவிடும். முக்காற்புள்ளியும் கழித்தல் குறியும் இட்டால் அதன்பின் எழுதியது மாற்று மதிப்பாகும். லாக் அளவுக்கு மாற்று மதிப்பு இருக்கலாம். டேட்டாபேஸ் பெயருக்கு ஒருபோதும் வேண்டாம். மாற்று மதிப்பு இருந்தால் சோதனைக்கு வைத்திருக்கும் டேட்டாபேஸில் ஒரு வாரம் கூலி பதிந்த பிறகுதான் தெரியவரும்.

முதல் படியில் சொன்ன பெயர்ச் சிக்கலும் இங்கேதான் தீரும். போஸ்ட்கிரெஸின் அதிகாரப்பூர்வ இமேஜ் டேட்டாபேஸ் பெயரைப் போஸ்ட்கிரெஸ்_டிபி என்ற மாறியில் எதிர்பார்க்கும், உங்கள் நிரல் வேறு பெயரில் கேட்கும். மதிப்பை .என்வ் கோப்பில் ஒரே இடத்தில் எழுதிவிட்டு, கம்போஸ் கோப்பில் இரு சர்வீஸ்களின் என்வைரன்மென்ட் பகுதியிலும் அவரவர் பெயருக்கு எதிரே அதே வெற்றிடத்தை வையுங்கள். பெயர் இரண்டானாலும் மதிப்பு பிறக்கும் இடம் ஒன்றாகவே இருக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. வெற்றிடத்தை நிரப்பும்போது, .என்வ் கோப்பைவிட நீங்கள் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருக்கும் முனையத்தின் (டெர்மினலின்) சூழலுக்கே கம்போஸ் முன்னுரிமை தரும். எப்போதோ சோதனைக்காக எக்ஸ்போர்ட் செய்த மாறி அந்த முனையத்தில் இன்னும் உயிரோடு இருந்தால், கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் பழைய மதிப்புதான் வரும். புதிய முனையம் ஒன்றைத் திறந்து பார்ப்பது இதற்கு எளிய சோதனை.

ஐந்தாம் படி: மேற்கோள் குறியில் கவனம்

கடவுச்சொல்லில் டாலர் குறி இருந்தால், கம்போஸ் அதற்குப் பின்வரும் எழுத்துகளை ஒரு மாறியின் பெயராக எண்ணி விழுங்கிவிடும். இடைவெளிக்குப் பின் ஹேஷ் குறி வந்தால் அதற்குமேல் உள்ளதைக் குறிப்புரை என்று வெட்டிவிடும். அத்தகைய மதிப்புகளை என்வ் கோப்பில் ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதினால் அவை உள்ளபடியே நிற்கும். கம்போஸ் கோப்பிலேயே எழுத நேர்ந்தால் டாலர் குறியை இரண்டாக இடுங்கள். ஆனால் இதே கோப்பை டாக்கர் ரன் கட்டளைக்கு என்வ்-ஃபைல் என்று கொடுத்தால், அது மேற்கோள் குறியை நீக்காமல் அதையும் கடவுச்சொல்லின் பகுதியாகவே அனுப்பும். ஒரே கோப்பு கம்போஸில் வேலை செய்து, தனிக் கட்டளையில் வேலை செய்யாமல் போவதற்கு இதுவே காரணம்.

ஆறாம் படி: மாற்றியதை உள்ளே கொண்டுசேருங்கள், பிறகு சரிபாருங்கள்

சூழல் மாறிகள் கன்டெய்னர் உருவாக்கப்படும் நேரத்தில் அதற்குள் பதிக்கப்படுபவை. கோப்பைத் திருத்திவிட்டு டாக்கர் கம்போஸ் ரீஸ்டார்ட் என்று தட்டினால், அதே பழைய கன்டெய்னர் அதே பழைய மதிப்புகளோடு மீண்டும் எழுந்து நிற்கும். டாக்கர் கம்போஸ் அப் -டி என்று தட்டினால்தான், எந்தச் சர்வீஸின் அமைப்பு மாறியிருக்கிறது என்று கம்போஸ் ஒப்பிட்டு, அதன் கன்டெய்னரை நீக்கிப் புதிதாக உருவாக்கும்.

இது தெரியாமல் நான் பட்ட பாடு ஒன்றுண்டு. மேலே சொன்ன கம்பெனியில் பொதுக் கோப்பில் நேர மண்டலத்தைச் சேர்த்துவிட்டு ரீஸ்டார்ட் மட்டும் செய்தேன். பலனில்லை. அன்று மாலை கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, கணினி அணைந்து மீண்டும் எழுந்தபோது கன்டெய்னர்களும் தாமாகவே எழுந்தன. முழுக் கணினியுமே புதிதாகத் தொடங்கியிருக்கிறது, இனி மாற்றம் வந்திருக்கும் என்று நினைத்தேன், வரவில்லை. கணினி அணைந்து எழுந்தாலும் கன்டெய்னர் புதிதாக உருவாவதில்லை, நின்றிருந்தது ஓடத் தொடங்குகிறது, அவ்வளவுதான். இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. அவசரத்தில் ஒருவர் கோப்பில் தவறான மதிப்பை எழுதிவிட்டு அப் செய்யாமல் போயிருந்தால், அத்தவறு மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, வேறொருவர் வேறொரு காரணத்துக்காக அப் -டி தட்டும் நாளில் விழித்துக்கொள்ளும். அன்று அவர் தன் மாற்றத்தில்தான் பிழை என்று நாள் முழுவதும் தேடுவார்.

சரிபார்க்க இரண்டு கட்டளைகள் போதும். டாக்கர் கம்போஸ் கான்ஃபிக் என்பது, வெற்றிடங்களை நிரப்பி, என்வ் கோப்புகளையும் ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு சர்வீஸுக்கும் போகவிருக்கும் இறுதி மதிப்புகளைக் காட்டும். டாக்கர் கம்போஸ் எக்ஸெக் என்று தட்டி, சர்வீஸின் பெயரையும் என்வ் என்ற சொல்லையும் சேர்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று காட்டும். முதலாவது சரியாகவும் இரண்டாவது பழையதாகவும் இருந்தால் அப் செய்ய மறந்திருக்கிறீர்கள். முதலாவதே தவறாக இருந்தால் கோப்புகளின் வரிசையையோ முனையத்தின் சூழலையோ பாருங்கள். கான்ஃபிக் காட்டும் பக்கத்தில் கடவுச்சொற்களும் வெளிப்படையாக இருக்கும். அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு உதவி கேட்காதீர்கள்.

ஏழாம் படி: கடவுச்சொற்களுக்குத் தனி இடம்

சூழல் மாறியில் உள்ள கடவுச்சொல்லை டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையைத் தட்டத் தெரிந்த எவரும், அதற்கான அனுமதி இருந்தால், படித்துவிடலாம். கம்போஸின் சீக்ரெட்ஸ் பகுதியைப் பயன்படுத்தினால், கடவுச்சொல் ஒரு கோப்பாகக் கன்டெய்னருக்குள் ரன்/சீக்ரெட்ஸ் அடைவில் தோன்றும்; எந்தச் சர்வீஸ்களுக்கு அனுமதி எழுதினீர்களோ அவற்றில் மட்டுமே தோன்றும். போஸ்ட்கிரெஸ் இமேஜில் கடவுச்சொல் மாறியின் பெயரோடு _ஃபைல் என்று சேர்த்து அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் போதும். உங்கள் சொந்த நிரலில் கோப்பைத் திறந்து படிக்கும் இரண்டு வரிகளை நீங்கள் எழுத வேண்டியிருக்கும்.

போஸ்ட்கிரெஸைப் பற்றி இன்னொன்று. அதன் கடவுச்சொல் மாறி, தரவு அடைவு காலியாக இருக்கும் முதல் முறை மட்டுமே படிக்கப்படும். பிறகு கோப்பில் மாற்றினால் உங்கள் சர்வீஸ்கள் புதிய கடவுச்சொல்லோடு போய் நிற்கும், டேட்டாபேஸ் பழையதையே கேட்கும். டேட்டாபேஸுக்குள் நுழைந்து ஆல்டர் ரோல் கட்டளையால் கடவுச்சொல்லை மாற்றிய பின் கோப்பையும் மாற்றுவதே முறை. இதற்கு டவுன் -வி என்று தட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த -வி வால்யூம்களையும் (கன்டெய்னர் நீங்கினாலும் தரவு தங்கும் இடங்களையும்) சேர்த்து அழித்துவிடும், வால்யூமில்தான் உங்கள் டேட்டாபேஸ் முழுவதும் இருக்கிறது.

மெய்யான மதிப்புகள் உள்ள கோப்புகளின் பெயர்களை முதல் நாளே, கிட் (நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) சேர்க்காமல் விட வேண்டியவற்றைச் சொல்லும் .கிட்இக்னோர் கோப்பில் எழுதிவிட்டு, மாறிகளின் பெயர்கள் மட்டும் உள்ள மாதிரிக் கோப்பு ஒன்றைக் கிட்டில் சேர்த்துவையுங்கள். கடவுச்சொல் ஒருமுறை கிட்டில் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றிவிடுவதுதான் தீர்வு.

எட்டாம் படி: முகப்பு மட்டும் வேறு கணக்கு

வீட் போன்ற கருவியால் கட்டும் முகப்பில், வீட்_ என்று தொடங்கும் மாறிகளின் மதிப்பு இமேஜைக் கட்டும் நேரத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் எழுத்தாகப் பதிந்துவிடும். பிறகு கன்டெய்னருக்கு எந்த மாறியைக் கொடுத்தாலும் அதற்கு விளங்காது. இமேஜை மறுபடி கட்ட வேண்டும். அந்த நிரல் ஓடுவதும் கன்டெய்னரில் அல்ல, சூப்பர்வைசரின் கைப்பேசியில் உள்ள உலாவியில். எனவே சர்வீஸ் பெயரை முகவரியாகக் கொடுத்தால் உலாவியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கைப்பேசியிலிருந்து எட்டக்கூடிய முகவரியையே கொடுங்கள், அங்கே எந்தச் சாவியையும் வைக்காதீர்கள்.

புதிய மாறி ஒன்றைப் பொது.என்வ் கோப்பில் சேர்க்கும் நாளையும் சற்றுத் தேர்ந்துகொள்ளுங்கள். பொதுக் கோப்பு மாறினால் அதைப் படிக்கும் எல்லாச் சர்வீஸ்களின் அமைப்பும் மாறியதாகவே கம்போஸ் கொள்ளும். அப் -டி தட்டிய நொடியில் அவை அனைத்தும் நின்று, புதிதாக உருவாகி எழும். சில நொடிகள்தாம் என்றாலும், சனிக்கிழமை மாலை கூலித் தாள் அச்சாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைச் செய்யாமல், ஞாயிறு காலை டேபிள்கள் ஓடாத நேரத்தில் செய்துவிட்டு, எக்ஸெக் கட்டளையால் ஒவ்வொரு சர்வீஸிலும் புதிய மதிப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.